இளநீல உறை

புடு, ஜாலான் பாசாரில் மூன்றாவது மாடி.
மின்தூக்கி கிடையாது.
ஏறி வந்தவன் மூச்சு வாங்கி முடிக்கும்வரை
லியோங் விலை சொல்வதில்லை.

"கீழே விழுமா, மழையில் நனையுமா,
காருக்குள் கிடந்து வேகுமா?
உன் எதிரி எதுன்னு மொதல்ல சொல்லு" என்றார்.

அதுவரை என் கியூ படுத்திருந்தது பி.வி.சி. குழாயில்.
செந்தூலில் குழாய்வேலை பார்க்கும் மச்சான் பரணீதரன்
ஒன்றே முக்கால் முழம் அறுத்து
ஒரு முனையைப் பசைபோட்டு அடைத்து
மறுமுனைக்குத் திருகுமூடி வைத்துக் கொடுத்தது.
ஒரு சொட்டு உள்ளே போனதில்லை.
அதைவிட நல்ல உறை உலகத்தில் இல்லை,
இரவு ஒன்றரை மணிக்கு மோட்டாரில் வருகிறவன்
என் நிறத்தில் இல்லாத பட்சத்தில்.

ஜாலான் ஈப்போ, சாலைத் தடுப்பு.
கியூவில் நிற்கிறேன், முதுகில் கியூவோடு.
தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதவேண்டியிருக்கிறது.
"அப்பா நி?"
இது என்ன என்கிறது டார்ச்.
திருகினேன்.
ஒரு சுற்று. இரண்டு. ஈரக்கை வழுக்க
மூன்று.
இன்னொரு போலிஸ் பக்கத்தில் வந்து நிற்க
நான்கு.
மேப்பிள் தண்டின் வெள்ளை முனை தெரிந்தபிறகுதான்
அவர் கை இடுப்பை விட்டு இறங்கியது.
ஏழு சுற்று அந்த மூடிக்கு.
அதற்குமுன் எண்ணியதே இல்லை.

இதை லியோங்கிடம் சொல்லவில்லை.
"எல்லாமே எதிரிதான்" என்றேன்.

வெளியே மாட்டுத்தோல், உள்ளே சிவப்பு வெல்வெட்.
அடித்தண்டு இரண்டு, மேல்தண்டு நாலு கொள்ளும்.
"ரெண்டுக்கு நாலு. லீக் ஆடறவனெல்லாம் இதான்."
என்னிடம் ஒன்றுக்கு ஒன்று.
மிச்ச அறைகளில் ஆசையைத்தான் செருகவேண்டும்.

அடுத்தது அலுமினியப் பெட்டி.
நான் கேட்காமலே மாடிப்படியில் உருட்டிவிட்டார்.
இரண்டாம் மாடித் தையற்கடையில் யாரோ திட்டினார்கள்.
முட்டை வைத்திருந்தாலும் உடைந்திருக்காது.
பூட்டு இரண்டு, பூட்டுக்கு மூன்று எண்.

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.
இடக்கையை உயர்த்தி, விரல் விரித்து,
எல்லாருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டு
வலக்கையால் மட்டும் திறந்து பார்த்தேன்.
தோலுறையின் பக்கிள் கடித்தது: பதினோரு விநாடி.
இன்னொன்றில் ஜிப் பாதியில் நின்றது: எட்டு.
பெட்டியைத் தொடவேயில்லை.

லியோங் சிரிக்கவில்லை. கேட்கவுமில்லை.
ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தட்டில் கைவிட்டு,
தூசி தட்டி ஒன்றை எடுத்துவந்தார்.
இளநீலம். பள்ளிப் பிள்ளையின்
தண்ணீர்ப் போத்தல் நிறம்.
யாரோ ஒரு பெண் சொல்லிவைத்துவிட்டு
வாங்க வராமலே போனது.
காந்த மூடி.
இரண்டே விநாடி.

"தண்ணி உள்ள போகும். மழைக்கு ஆகாது," என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"ஆனா இதப் பாத்து யாரும் பயப்பட மாட்டாங்க."
நூற்றெண்பது வெள்ளி என்று எழுதியிருந்ததில்
தொண்ணூறு வாங்கிக்கொண்டார்.

எட்டு மாதமாகிறது.
தடுப்பில் நாலு முறை நின்றேன்.
மூன்று முறை திறக்கவே சொல்லவில்லை.
நாலாவது ஆள், இருபது வயதிருக்கும்,
எங்கே வாங்கினாய், என்ன விலை என்றான்.
கெப்போங் மண்டபத்தில்தான் சியூ மெங்
பொம்பளப்பிள்ள பை என்று இன்னும் விடுவதில்லை.

மழை, லியோங் சொன்னபடியே வந்தது.
மேசையில் உருட்டினால் தண்டின் முனை
இப்போது லேசாகத் துள்ளுகிறது.
முத்திரை மேலே வரப் பிடித்தால்
ஒரு மயிரிழை இடப்பக்கம்.

நேற்று எட்டாம் பந்து, தூர மூலை.
முத்திரையை மேலே திருப்பி
அந்த மயிரிழையைக் கழித்துக் குறிபார்த்தேன்.
கறுப்பு போனது.
வெள்ளையும் அதன் பின்னாலேயே போனது.

சியூ மெங் என் கியூவைப் பார்த்தான்.
பையைப் பார்த்தான்.
நான் இரண்டையும் கழற்றி உள்ளே வைத்து
காந்தம் ஒட்டும் சத்தம்
அவனுக்குக் கேட்கும்படி மூடினேன்.